ஐந்து மணிக்கே இருட்டு

அந்தமானின் மாயாபந்தரில் விளக்கும் படகும் பேட்டரியை நம்பியிருக்கின்றன. அந்த பேட்டரி சாவது உழைப்பால் அல்ல, பட்டினியால்.

டிசம்பர் மாதத்து மாலை ஐந்து மணி. சென்னை மெரினாவில் சுண்டல் வியாபாரம் அப்போதுதான் சூடு பிடிக்கும். வங்கக் கடலின் மறுகரையில், மத்திய அந்தமானின் வடகோடியில் இருக்கும் மாயாபந்தரிலோ சூரியன் மறைந்து, வீடுகளில் விளக்கேற்றி முடித்திருப்பார்கள். இத்தனைக்கும் இரண்டு ஊர்களும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 13 டிகிரி வடக்கில்தான் இருக்கின்றன. பகலின் நீளத்தில் வித்தியாசம் இல்லை. மாயாபந்தர் 12 டிகிரிக்கும் அதிகமாகக் கிழக்கே தள்ளியிருப்பதால் அங்கே எல்லாமே 50 நிமிடம் முன்னதாக நடக்கிறது. ஜூன் மாதத்தில்கூட ஆறு மணிக்குள் சூரியன் விடைபெற்றுவிடும்.

சூரியன் கிழக்கத்தியக் கணக்குப்படி நடக்கிறது. கடிகாரம் மட்டும் டெல்லியின் கடிகாரம். பள்ளிக்கூடம், ஆபீஸ், டி.வி. சீரியல், படுக்கைக்குப் போகும் நேரம் எல்லாம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தே நடக்கின்றன. விளைவு, சென்னைக்காரர் சூரிய வெளிச்சத்தில் ஓட்டும் 50 நிமிடத்தை மாயாபந்தர்க்காரர் விளக்கு வெளிச்சத்தில் ஓட்ட வேண்டும். கரண்ட் இருக்கும் நாளில் இது பெரிய விஷயமல்ல. கரண்ட் இல்லாத நாளில், அல்லது சோலார் தகட்டையும் ஒரு பேட்டரியையும் மட்டுமே நம்பியிருக்கும் வீட்டில், இதற்கு ஒரு விலை உண்டு. ஒன்பது வாட் பல்பு ஐந்து, ஒரு டி.வி.: மொத்தம் 100 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். இன்வர்ட்டர் தின்றுவிடும் பங்கையும் சேர்த்தால் 50 நிமிடத்துக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் எட்டு ஆம்பியர்-அவர் போய்விடும். 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதியைத்தான் தாராளமாகச் செலவழிக்கலாம் என்பது பழைய விதி. அப்படியானால் கையிருப்பில் ஒன்பதில் ஒரு பங்கைத் தினமும் கடிகாரமே எடுத்துக்கொள்கிறது.

போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சாலை வழியாகச் சுமார் 240 கிலோமீட்டரில் இருக்கும் மாயாபந்தர், 2006இல் உருவான வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைநகரம். காட்டு வேலைக்காக 1925இல் பர்மாவிலிருந்து அழைத்து வரப்பட்ட கரேன் மக்களின் சந்ததியினர் பக்கத்தில் வெபி போன்ற கிராமங்களில் வாழ்கிறார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள், ராஞ்சிப் பக்கத்துத் தொழிலாளர்கள், தமிழர்கள், தெலுங்கர்கள் என்று ஊரே ஒரு குட்டி இந்தியா. மின்சார விஷயத்தில் மட்டும் அது பெரிய இந்தியாவைச் சேர்ந்ததல்ல. நாட்டின் மின்தொகுப்பிலிருந்து ஒரு கம்பிகூடக் கடலைத் தாண்டி வரவில்லை. தீவுகளுக்குள்ளேயும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே தொகுப்பு கிடையாது. பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்கள்தான். அந்த டீசலும் கப்பலில்தான் வர வேண்டும். வடக்கே டிக்லிபூருக்கு அருகில் கல்போங் ஆற்றில் 2001இல் வந்த 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒரு ஆறுதல். ஆறு வற்றும் கோடையில் ஆறுதலும் வற்றிவிடும். மழைக்காலத்திலோ காட்டுக்குள் போகும் கம்பியின் மேல் மரம் சாய்வதற்கு எந்த முன்னறிவிப்பும் கிடையாது.

2004 டிசம்பர் 26இல் நடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. மாயாபந்தர் துறைமுகத்தின் இறங்குதுறை சேதமடைந்தது. மத்திய அந்தமானையும் வடக்கு அந்தமானையும் இணைக்கும் செங்கப்பா பாலத்தின் மேல்தளம், கட்டி முடித்துச் சில ஆண்டுகளே ஆன நிலையில், தாங்கிகளிலிருந்து நகர்ந்துவிட்டது. அப்போது ஹாம் ரேடியோ ஒலிபரப்புக்காக டெல்லியிலிருந்து போர்ட் பிளேர் வந்திருந்த பாரதி பிரசாத்தின் குழு, தொலைபேசிகள் செத்துக் கிடந்த நாட்களில் தீவுகளின் செய்தியை வெளியே கொண்டுசேர்த்தது. அப்படிப்பட்ட நாளில் ரேடியோவின் விலையைத் தீர்மானிப்பது அதன் பின்னால் இருக்கும் பேட்டரியின் வயிறு நிரம்பியிருக்கிறதா என்பதுதான்.

கூரையில் சோலார் தகடு இருந்தால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. 2024இல் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டம் போன்றவற்றில் பொருத்தப்படும் சாதாரண கூரை சோலார் அமைப்பு, தெருக் கம்பியில் மின்சாரம் போனால், பட்டப்பகலில் வெயில் கொளுத்தினாலும், தானும் நின்றுவிடும். காரணம் நியாயமானது. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன், கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கும்போது யார் வீட்டுக் கூரையிலிருந்தோ அது வந்துவிடக் கூடாது. தொகுப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு பகுதி தானே தனியாக இயங்குவதற்கு எஞ்சினியர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஐலண்டிங்', அதாவது தீவாகிப்போவது. நிஜமான தீவில் வாழ்பவர் தன் வீட்டை இருட்டிலிருந்து காப்பாற்ற அதைத் தீவாக்கத்தான் வேண்டும். அதற்கு பேட்டரி வேண்டும்.

தமிழ் வாசகருக்கு கேரவன் என்றால் கோடம்பாக்கத்து நட்சத்திரங்கள் ஷாட்டுக்கு நடுவே ஏறிக்கொள்ளும் ஏ.சி. பஸ். 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவை அறிவித்த பிறகு, சமையலறையும் படுக்கையும் கொண்ட வண்டியில் ஊர் சுற்றும் ஆசை இங்கேயும் கொஞ்சம் பரவியிருக்கிறது. மேலை நாடுகளில் இது பழைய பழக்கம். அங்கே அந்த வண்டிகளில் எஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி, விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் இன்னொரு பேட்டரி. இரண்டாவதன் பெயர் 'லெஷர் பேட்டரி', ஓய்வுக்கான பேட்டரி. மாயாபந்தரில் அந்த வண்டிக்கு மிக நெருங்கிய உறவு படகுதான். ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே அந்த பேட்டரிக்கு ஓய்வே கிடையாது.

கையால் சுற்றிக் கிளப்பும் சின்ன டிங்கிகளில் பிரச்சினை எளிது. பேட்டரி செத்தால் விளக்கு அணையும். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. சுவிட்சைத் தட்டிக் கிளப்பும் பெரிய படகில்தான் வம்பு. ராத்திரி நங்கூரம் பாய்ச்சிக் கிடக்கும்போது நங்கூர விளக்கு, ஜி.பி.எஸ்., வி.எச்.எஃப். ரேடியோ, மீன் தேடும் கருவி, போதாக்குறைக்கு பழைய பாட்டு. எல்லாம் ஒரே பேட்டரியில் ஓடினால் விடியற்காலையில் எஞ்சின் ஒரு முனகல் முனகிவிட்டுப் படுத்துவிடும். காற்றும் நீரோட்டமும் படகைப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த முனகல் சாதாரண விஷயமல்ல. அதனால்தான் இரண்டு பேட்டரி, நடுவே ஒரு பிரிப்பு சுவிட்ச். எஞ்சின் ஓடும்போது இரண்டும் சேர்ந்து சார்ஜ் ஆகும். நின்றவுடன் பிரிந்துவிட வேண்டும். கையால் திருப்பும் சுவிட்ச் மலிவு. ஆனால் திருப்ப மறக்கும் கை இலவசம். வோல்டேஜைப் பார்த்துத் தானே பிரிக்கும் ரிலே நல்லது.

இரண்டு பேட்டரிகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஜாதி வேறு. கிளப்பும் பேட்டரிக்கு மெல்லிய தகடுகள், எண்ணிக்கையில் அதிகம். நூற்றுக்கணக்கான ஆம்பியரைச் சில விநாடிகளுக்குக் கொட்டும். மொத்தச் செலவு ஒரு ஆம்பியர்-அவரைக்கூடத் தாண்டாது. உடனே ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடும். விளக்கு பேட்டரிக்கோ தடித்த தகடு, அல்லது இன்வர்ட்டர் கடைகளில் 'டியூபுலர்' என்று விற்கும் குழாய்த் தகடு. மெதுவாக, மணிக்கணக்கில் கொடுக்கும். கார் பேட்டரியை வீட்டு விளக்குக்குப் போட்டு மாதக்கணக்கில் கொன்றவர்கள் தமிழ்நாட்டிலும் நிறைய.

பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். விளக்கு பளிச்சென்று எரிகிறது, அதனால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்பது, பேசத் தெம்பு இருக்கிறது, அதனால் நோய் இல்லை என்று சொல்வதைப் போன்றது. விளக்கு மங்கும்போது காரியம் ஏற்கெனவே கெட்டிருக்கும்.

முதல் கருவி மல்ட்டிமீட்டர். ஈய-அமில பேட்டரி 12 வோல்ட் என்பது பெயரளவுக்குத்தான். நிறைந்திருந்தால் 12.7 வோல்ட், முக்காலுக்கு 12.4, பாதிக்கு 12.2, காலுக்கு 12.0. அதற்கும் கீழே இறங்கினால் காலி. நிறைந்ததற்கும் காலிக்கும் இடையே ஒரு வோல்ட்கூட இல்லை. தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் காட்டாத மீட்டரால் பிரயோஜனமும் இல்லை. பெரிய நிபந்தனை இன்னொன்று: பேட்டரி சும்மா கிடந்திருக்க வேண்டும். மாடிப்படி ஏறி வந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்த்து யாரும் மருந்து எழுத மாட்டார்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது மீட்டர் 14 காட்டும்; ஃபேன் ஓடும்போது 12க்கும் கீழே காட்டும்; இரண்டும் பொய். சார்ஜையும் சுமையையும் கழற்றிக் குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் நாலு மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். கரண்ட் வந்துபோய்க்கொண்டிருக்கும் ஊரில் பேட்டரிக்கு அப்படி ஒரு நாலு மணி நேரம் கிடைப்பதே அபூர்வம்.

பழைய மெக்கானிக்குகளின் கருவி ஹைட்ரோமீட்டர். ரப்பர் பல்பை அழுத்தி விட்டால் கண்ணாடிக் குழாயில் ஆசிட் ஏறும், உள்ளே ஒரு மிதவை நிற்கும். சார்ஜ் ஏற ஏற ஆசிட் கனக்கும், இறங்க இறங்க நீர்த்துப்போகும். மிதவை அதைச் சொல்லிவிடும். தயாரிப்பைப் பொறுத்து நிறைவில் 1.24 முதல் 1.28 வரை காட்டும். 1.15 என்றால் பேட்டரி பட்டினி. வோல்ட் மீட்டருக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: ஆறு செல்களையும் தனித்தனியாக விசாரிக்கும். ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் கோளாறு எங்கே என்று அப்போதே தெரியும். இருநூறு முன்னூறு ரூபாய்க்குள் கிடைக்கக்கூடிய இந்தக் கண்ணாடிக் குழாய், ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து பேட்டரி வாங்கும் வீடுகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. மூடி திறக்க முடியாத சீல் வைத்த பேட்டரியில் இதற்கு வேலையும் இல்லை.

மூன்றாவது, மளிகைக் கடையின் பற்று நோட்டு. பேட்டரியின் நெகட்டிவ் கம்பியில் 'ஷண்ட்' என்ற தடித்த உலோகத் துண்டை இணைத்துவிட்டால், அதன் வழியாகப் போகும் வரும் ஒவ்வொரு ஆம்பியரையும் ஒரு சின்னக் கருவி கூட்டிக் கழித்து, மிச்சம் இத்தனை சதவிகிதம் என்று காட்டும். கேரவன்காரர்களும் பாய்மரப் படகுக்காரர்களும் இப்போது நம்பியிருப்பது இதைத்தான். பற்று நோட்டுக்கு உள்ள குறை இதற்கும் உண்டு. போட்ட சார்ஜ் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. ஈய-அமில பேட்டரி நூறு வாங்கிக்கொண்டு ஏறத்தாழ 85தான் திருப்பிக் கொடுக்கும். சும்மா இருந்தாலும் கொஞ்சம் கசியும். சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து சில வாரத்தில் கணக்கு கோணலாகிவிடும். மாதக் கடைசியில் பாக்கியைத் தீர்த்துப் புதுப் பக்கம் திருப்புவது போல, அவ்வப்போது பேட்டரியை முழுசாக நிரப்பி மீட்டரை நூறுக்குக் கொண்டுவந்தால்தான் அடுத்த கணக்கு சரியாக இருக்கும்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 150 ஆம்பியர்-அவர் என்பதும் நிபந்தனைக்கு உட்பட்டதே. 20 மணி நேரத்தில் நிதானமாக, மணிக்கு ஏழரை ஆம்பியராக எடுத்தால் 150 கிடைக்கும். இஸ்திரிப் பெட்டியையும் மிக்ஸியையும் போட்டு 50 ஆம்பியராக உறிஞ்சினால் மூன்று மணி நேரம் வர வேண்டியது இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஜெர்மானியரான பாய்கர்ட் 1897இலேயே இதைச் சூத்திரமாக எழுதிவைத்துவிட்டார். இன்வர்ட்டர் கடைக்காரர்கள் அவரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

அளப்பது ஒரு பாதி, நிரப்புவது மறுபாதி. பேட்டரியை நிரப்புவது குடத்தில் தண்ணீர் பிடிப்பது போன்றதல்ல. டவுன் பஸ்ஸில் ஆள் ஏறுவது போன்றது. முதலில் ஏறுபவர்கள் விறுவிறுவென்று உட்கார்ந்துவிடுவார்கள். கடைசிப் பத்துப் பேர் படியில் தொங்கி, நெருக்கி, உள்ளே போவதற்குள் கண்டக்டருக்குத் தொண்டை வறண்டுவிடும். காலியான பேட்டரி 80 சதவிகிதம் வரை சீக்கிரம் ஏறும். மிச்ச 20 சதவிகிதத்துக்கு, 14.4 வோல்ட் அளவில் பிடித்து வைத்து, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு 13.5, 13.8க்குத் தாழ்த்திப் பராமரிக்க வேண்டும். படகு எஞ்சினை ஒரு மணி நேரம் ஓட்டியாகிவிட்டது, பேட்டரி நிரம்பியிருக்கும் என்ற நம்பிக்கை இதனால்தான் பொய்க்கிறது. மதியம் ஒரு மணிக்கே மேகம் கவிந்துவிடும் நாளில் சோலார் தகடும் அந்தக் கடைசிப் பத்துப் பேரை ஏற்ற முடியாமல் விட்டுவிடும்.

மாயாபந்தரின் பேட்டரிகளுக்கு எமன் இந்த இடத்தில்தான் வருகிறான். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் ஓயாததுமாக வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. அந்த மாதங்களில் பேட்டரி தினமும் பாதி ஏறி, பாதி இறங்கி, ஒருநாளும் நூறைத் தொடாமல் காலம் தள்ளும். சார்ஜ் இறங்கும்போது தகடுகளின் மேல் படியும் ஈய சல்பேட், உடனே சார்ஜ் போட்டால் கரைந்துவிடும். நாள்கணக்கில் விட்டால் கெட்டிப்பட்டுப் பாறையாகிவிடும். பிறகு எந்தச் சார்ஜருக்கும் மசியாது. பேட்டரியை 'ரொம்ப உபயோகிச்சுட்டோம்' என்று வீட்டார் வருத்தப்படுவார்கள். உண்மையில் உபயோகித்தது குற்றமல்ல, திருப்பி ஊட்டாததுதான் குற்றம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது ஜெனரேட்டரிலோ தெரு மின்சாரத்திலோ முழு வயிற்றுக்குச் சார்ஜ் கொடுப்பது, பத்துக் கடைகளில் விற்கும் 'பேட்டரி டானிக்' எதைவிடவும் மேல். ஊருக்குப் போகிறவர்கள் காலி பேட்டரியை அப்படியே விட்டுவிட்டுக் கப்பலேறினால், திரும்பி வரும்போது வரவேற்க அது இருக்காது.

வெயிலுக்கும் பங்கு உண்டு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. தகரக் கூரைக்குக் கீழே, காற்றுப் போகாத அலமாரியில், மழைக்குப் பயந்து பேட்டரியைப் பூட்டிவைப்பவர்கள் அதை வேகவைக்கிறார்கள். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் அங்கே தேங்கினால் ஒரு தீப்பொறி போதும். சூட்டுக்குத் தகுந்தபடி சார்ஜ் வோல்டேஜையும் குறைக்க வேண்டும். 35 டிகிரியில் சுமார் 0.3 வோல்ட். வெப்ப உணரி உள்ள சார்ஜர் இதைத் தானே செய்யும்.

தண்ணீர் விஷயத்தில் தீவுக்காரர் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. ஆசிட் ஊற்றினால் 'பவர் ஏறும்' என்பது கட்டுக்கதை. கூரையில் பிடித்த மழைநீர் சுத்தமானதுதானே என்று தோன்றும். கடற்காற்று உப்பைக் கூரையில் பூசிவைத்திருக்கிறது, அந்த உப்பில் உள்ள குளோரைடு தகடுகளுக்கு ஆகாது. படகின் அடித்தளத்தில் பேட்டரியை வைத்துக் கடல்நீர் உள்ளே புகுந்தால் ஆபத்து இன்னும் பெரிது: ஆசிட்டும் உப்புநீரும் சேர்ந்தால் நச்சு குளோரின் வாயு வரும். பேட்டரி உயரமான, கவிழாத, மூடியுள்ள பெட்டியில் இருக்க வேண்டும். தண்ணீரை முழுச் சார்ஜுக்குப் பிறகு ஊற்றுவது நல்லது, ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் உப்பி வழியும். தகடே வெளியே தெரிகிற அளவுக்குக் குறைந்திருந்தால் மட்டும் முதலில் தகடு மூழ்கும் வரை கொஞ்சம் ஊற்றலாம். டெர்மினல்களில் பூக்கும் வெள்ளை-பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, மூடித் துளைக்குள் அது போகாமல் பார்த்துத் துடைத்து, வாஸலின் தடவிவிட்டால் சார்ஜுக்கு வழி கிடைக்கும். உப்புக் காற்றில் இதை மாதம் ஒருமுறை செய்வது அதிகமல்ல.

இத்தனை தொல்லையும் வேண்டாம் என்பவர்களுக்கு லித்தியம் வந்துவிட்டது. இரும்பு-பாஸ்பேட் வகை லித்தியம் பேட்டரியில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பாதியில் நிறுத்தினாலும் கோபித்துக்கொள்ளாது. எடையும் பாதிக்குக் கீழே. விலைதான் முதலில் உறைக்கும். இதன் வம்சாவளியில் ஒரு தமிழர் இருக்கிறார். தமிழ்நாட்டின் தென்கோடிக் கிராமம் ஒன்றில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980களில் ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து செய்த ஆராய்ச்சி, இந்த வகை மின்வாய்ப் பொருட்களுக்கு வழி திறந்தது. 2019இல் குட்இனஃப் நோபல் பரிசு பெற்றபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரம்தான்.

ஆனால் லித்தியத்தை அளப்பது இன்னும் கஷ்டம். 90 சதவிகிதத்திலும் 30 சதவிகிதத்திலும் அதன் முகத்தில் மாற்றமே தெரியாது, 13.2, 13.3 என்று ஏறத்தாழ ஒரே வோல்டேஜ். ஈய பேட்டரி சாவதற்கு முன் விளக்கை மங்கவைத்து, முனகி, எச்சரிக்கை கொடுக்கும். லித்தியம் கடைசி வரை பளிச்சென்று கொடுத்துவிட்டு, உள்ளேயிருக்கும் காவல் சர்க்யூட் தட்டிவிட்டதும் ஒரே நொடியில் இருட்டாக்கிவிடும். நடுக்கடலில் அந்த நொடி வேண்டாதது. ஆகவே லித்தியம் வாங்குபவருக்கு பற்று நோட்டு மீட்டர் ஆடம்பரமல்ல. கிளப்பும் வேலையைப் பழைய ஈய பேட்டரியிடமே விட்டுவைப்பதும் புத்திசாலித்தனம்.

இதே கணக்கை அரசாங்கமும் பெரிய அளவில் போடத் தொடங்கியிருக்கிறது. நெய்வேலியின் என்.எல்.சி. நிறுவனம் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சோலார் நிலையத்தை அமைத்தபோது கூடவே எட்டு மெகாவாட்-அவர் லித்தியம் பேட்டரியையும் வைத்தது. ஒரு மேகம் கடந்துபோவதற்குள் ஊரே மினுக்கிவிடாமல் தாங்கிக்கொள்வது அதன் முக்கிய வேலை. பழுப்பு நிலக்கரி தோண்டிய கம்பெனி தீவில் பேட்டரி காப்பது காலத்தின் விளையாட்டு.

மாயாபந்தர் வீட்டு மூலையில் இருக்கும் 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்குக் குறையாது. அதில் பெரும்பகுதி ஈயம். மெயின்லாண்டிலிருந்து மூன்று நாள் கப்பலில் வந்து, பிறகு லாரியிலோ தீவுகளுக்கிடையே ஓடும் படகிலோ ஏறி இறங்கியிருக்கும். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரித்தவர்களுடையது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஐந்தாறு வருஷம் உழைக்க வேண்டியது இரண்டே மழைக்காலத்தில் செத்தால், அந்த 50 கிலோ ஈயமும் ஆசிட்டும் அதே கடலை இன்னொரு முறை கடக்க வேண்டும். இல்லையென்றால் யார் வீட்டுக் கொல்லையிலாவது, பாக்கு மரத்தடியில், மழையில் நனைந்துகொண்டு கிடக்கும்.